காலியாக விடக்கூடாத கட்டம்

ஜூலை 13, ஞாயிறு

கோகுல்நாத் வாயைத் திறந்து "அக்கா" என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பையன் என்று எழுதத்தான் கை வருகிறது. முப்பத்தைந்து வயது இருக்கும், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

காலையில் எங்கள் டேட்டாபேஸ் பயனர் வட்டத்தின் கூட்டம். மாதாமாதம் இரண்டாவது ஞாயிறு ஆன்லைனில் கூடுவோம். ஈரோடு, கரூர், திருப்பூர் பக்கம் தறிப் பட்டறைக்கும் மஞ்சள் மண்டிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவர்கள் ஒரு முப்பது பேர். நடத்துகிறவர் சென்னியப்பன் ஐயா, மின்வாரியத்தில் ரிட்டையர் ஆனவர். "கேக்குதுங்களா, நான் பேசறது கேக்குதுங்களா" என்றே பாதிக் கூட்டத்தை ஓட்டிவிடுவார்.

இன்றைய தலைப்பு ஃபாரம் வடிவமைப்பது. கோகுல் ஸ்க்ரீனைப் பகிர்ந்து என் ஃபாரத்தையே காட்டினான். யாருடையது என்று சொல்லவில்லை. பெற்றவளுக்குத் தன் பிள்ளை தெரியாதா? பைபாஸ் ரோட்டு ஆஸ்பத்திரியில் நோயாளியைச் சேர்க்கும்போது நிரப்புகிற ஃபாரம், எட்டு வருஷமாக ஓடுகிறது. ஒரு கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தால் அதை நிரப்பாமல் ஃபாரம் அடுத்த பக்கம் போகாது. நான் எல்லாக் கட்டத்துக்கும் போட்டிருக்கிறேன்.

"பாருங்க, எங்க பாத்தாலும் செவப்பு நட்சத்திரம். கல்யாண வீட்டு சீரியல் செட்டு மாதிரி. அக்கா மாதிரி சீனியருங்க செஞ்சத நான் கொறை சொல்லலீங்க. அந்தக் காலத்துக்கு அது சரிதானுங்க."

அந்தக் காலமாம். நான் மியூட்டை எடுத்தேன்.

"எந்தக் காலத்துல தம்பி, சொந்தக்காரங்களுக்குச் சொல்லாமயே ஒரு ஆளச் சாக விடலாம்னு இருந்துச்சு?"

"அப்புடிச் சொல்லலீங்கக்கா. தகவல் சொல்ல வேண்டியவர் கைபேசி எண்ணுன்னு ஒரு கட்டம் வெச்சிருக்கீங்க. யாருமே இல்லாத ஆளு வந்தா என்னத்தப் போடறது?"

"யாருமே இல்லாத ஆளுன்னு ஒருத்தரும் கெடயாது. கேக்கறவங்க ஒழுங்காக் கேக்கோணும்."

"சரிங்கக்கா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு ஒரு அறை விடலாம். ஆன்லைனில் அதற்கு வழியில்லை.

கடைசியில் சென்னியப்பன் ஐயா பஞ்சாயத்து பண்ணினார். அடுத்த கூட்டம் ஆகஸ்ட் பத்து. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஃபாரத்தைக் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரி மேனேஜர் ஆறுச்சாமியும் கூட்டத்தில் உட்காருவார், எது நன்றாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்வார். அதாவது என் வீட்டுக்குள் நான் குடியிருக்கலாமா என்று ஊர் கூடித் தீர்ப்புச் சொல்லப்போகிறது.

வேலை போனால் போகட்டும். மஞ்சள் மண்டிகள் எனக்குச் சோறு போடும். அந்த ஒரு கட்டத்தின் நட்சத்திரம் மட்டும் போகக்கூடாது.

ஜூலை 14, திங்கள்

மாவு புளித்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் தோசையும் கல்லை விட்டு எழும்பாது.

சுண்டக்கடலையை ஊறப்போட்டுக்கொண்டு இருக்கும்போது ஒரு போன். யாரோ ஒரு பெண். "பேஷண்ட டிஸ்சார்ஜ் பண்றோமுங்க, வந்து கூட்டீட்டுப் போங்க" என்கிறாள். எந்தப் பேஷண்ட், யார் வீட்டுப் பேஷண்ட்? ராங் நம்பர் என்று வைத்தேன். சித்திரையிலிருந்து இப்படி வாரத்துக்கு ஒன்றிரண்டு வருகிறது. எந்த ஊர் ஆஸ்பத்திரியோ, எண்ணைச் சரிபார்க்காமல் அடிக்கிற ஜென்மங்கள். என் ஃபாரமாக இருந்தால் இது நடக்குமா?

ஜூலை 16, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேனேஜரை முன்கூட்டியே பார்த்து வைப்பது நல்லதென்று தோன்றியது. காக்காய் பிடிக்கப் போகவில்லை, நியாயத்தைச் சொல்லப் போனேன்.

முன் மேசையில் மேகலா இருந்தாள். அவளுடைய மானிட்டர் நெற்றியில் நான் ஒட்டிய ஸ்டிக்கர் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. 'கம்ப்யூட்டர் நின்றால் சுலோச்சனாக்கா', கீழே என் நம்பர். லேமினேஷன் பண்ணி ஒட்டினேன், எட்டு வருஷமாக ஒரு மூலைகூடப் பிரியவில்லை. அப்படி இருக்க வேண்டும் வேலை.

"நம்பர்க் கட்டம் எப்படிப் போகுது மேகலா? இப்பவும் கண்டதை அடிக்கறீங்களா?" என்றேன்.

சும்மா கேட்கவில்லை. முன்பெல்லாம் இவர்கள் சோம்பேறித்தனமாக ஒன்பதையே பத்துத் தடவை அடித்து மேலே போய்விடுவார்கள். சித்திரையில் உட்கார்ந்து அதற்கு ஒரு பூட்டுப் போட்டேன். ஒரே எண்ணாக அடித்தால் ஏற்காது, ஒன்று இரண்டு மூன்று என்று வரிசையாக அடித்தாலும் ஏற்காது. உயிருள்ள நம்பர் மாதிரி இருந்தால்தான் உள்ளே விடும்.

"இல்லீங்கக்கா, இப்பெல்லாம் கரெக்டா விழுந்துருதுங்க" என்றாள் மேகலா. என் முகத்தைப் பார்க்காமல் பிரின்டருக்குப் பேப்பர் வைத்துக்கொண்டே சொன்னாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆளைப் பார்த்துப் பேசத் தெரியாது.

ஆறுச்சாமி டீ வாங்கிக் கொடுத்தார். "உங்க ஃபாரத்துல ஒரு கட்டம்கூடக் காலி இல்லீங்க, ஒத்துக்கறேன். ஆனா அந்தத் தம்பி சொல்றாரு, அடிபட்டு வர்ற ஆளு இதையெல்லாம் நெரப்பற வரைக்கும் ஸ்ட்ரெச்சர்லயே கெடக்கறாருன்னு" என்றார்.

"கெடக்கட்டுமுங்க. நாலு நிமிசத்துல ஒண்ணும் ஆகாது. சொல்ல வேண்டிய ஆளுக்குச் சொல்லாம விட்டா, அந்தப் பாவம் ஆயுசுக்கும் போகாது."

அவர், "உங்க விசயம் எனக்குத் தெரியுமுங்க" என்றார். என் விஷயத்தை யார் கேட்டார்கள்? டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி வெள்ளி. பக்கத்துத் தெரு மைக் செட்டுக்காரன் நாசமாய்ப் போக.

ஜூலை 21, திங்கள்

வட்டத்தின் வாட்ஸாப் குழுவில் கோகுல் ஒரு பாடமே நடத்தியிருக்கிறான். 'கட்டாயப்படுத்திக் கேட்டால் உண்மை வராது, பதில்தான் வரும்.' அதற்குக் கைதட்டுகிற பொம்மை பதினைந்து. போன வருஷம் வரை என்னிடம் சந்தேகம் கேட்டுக் கேட்டு உயிரை எடுத்த கரூர்க்காரரும் ஒரு பொம்மை போட்டிருக்கிறார். ஏறிய ஏணியை எட்டி உதைப்பது என்பது இதுதான்.

நான் எழுதினேன்: 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கேட்டு வாங்கத் துப்பில்லாதவர்கள் கட்டத்தைக் குறை சொல்ல வேண்டாம்.'

அவன்: 'அக்காவின் அனுபவத்துக்கு முன்னால் நாங்கள் குழந்தைகள் 🙏'

கும்பிடு போட்டுக் கழுத்தை அறுக்கிற கலையை எந்தக் காலேஜில் படித்தானோ. நான் இன்னும் இரண்டு வரி எழுதினேன். அதை இங்கே எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. சென்னியப்பன் ஐயா போன் பண்ணி, "அம்மிணி, கொஞ்சம் அடங்கிப் போங்களே" என்றார். ஏன், அவனிடம் சொல்வதுதானே? சாயங்காலம் அதை நீக்கிவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

காலையில் அந்தப் போன் மறுபடியும். போன தடவை பேசிய அதே குரல்.

"லாரி கிளீனர் ஒருத்தருங்க, அம்பது வயசு இருக்கும். காலைல தவறீட்டாருங்க. பாடிய வாங்கறதுக்கு யாரு வர்றீங்க?"

"எந்த நம்பருக்குப் போடறோம்னு பாத்துப் போட மாட்டீங்களா? எனக்கு எந்த லாரிக் கிளீனரையும் தெரியாது."

"இந்த நம்பருதானுங்க எழுதியிருக்குது. உறவு அக்கான்னு போட்டிருக்குது."

"எழுதுன கழுதையக் கூப்புட்டுக் கேளுங்க" என்று வைத்தேன். கையோடு அந்த நம்பரை பிளாக் பண்ணிவிட்டேன். இனி நிம்மதி.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. வெயில். ரசம் மட்டும் குடித்தேன். எவளோ ஒரு அக்கா எங்கேயோ தம்பிக்காகக் காத்துக்கொண்டிருப்பாள், ஒரு எண் மாறிப்போனதால் அவளுக்குத் தெரியாமலே போகும். இதற்குத்தான் நான் அடித்துக்கொள்கிறேன். கோகுலுக்கு இதெல்லாம் புரியாது.

ஜூலை 27, ஞாயிறு

அமாவாசைக்கு வராத காக்காய் இன்று வந்து ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறது. சோறு வைத்தேன்.

ஆகஸ்ட் கூட்டத்தில் "எதுக்குங்க அந்த நட்சத்திரம்?" என்று அவன் கண்டிப்பாகக் கேட்பான். பதில் தயார் செய்ய வேண்டும். சொந்தக் கதையைச் சொல்லி இரக்கம் சம்பாதிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால் இங்கே எழுதித் தீர்த்துவிடுகிறேன், அங்கே வாயில் வராது.

எங்கள் வீட்டுக்காரர் பைபாஸில் பஸ்ஸுக்கு நின்றபோது விழுந்தார். ஆட்டோக்காரர் ஒருவர் தூக்கிப் போய் அந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பேச்சு போய்விட்டது. கைபேசியில் சார்ஜ் இல்லை. அப்போது அங்கே பேப்பர் ஃபாரம். தகவல் சொல்ல வேண்டியவர் என்ற இடம் காலி. யாரும் அதைக் குற்றமாக நினைக்கவில்லை. நான் இங்கே பருப்பைக் கடைந்து வைத்துக்கொண்டு, வரட்டும் இன்றைக்கு, எங்கே ஊர் சுற்றுகிறார் என்று பார்க்கிறேன் என்று கறுவிக்கொண்டு இருந்தேன். மறுநாள் சாயங்காலம்தான் தெரிந்தது. அன்று விடிகிற வரைக்கும் உயிர் இருந்ததாம். கண் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்ததாம். நர்ஸ் சொன்னாள். அவள் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

காரியம் முடிந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சண்டை போட்டேன். கத்தி ஓய்ந்த பிறகு, உங்களுக்கு ஃபாரம் நான் எழுதித் தருகிறேன் என்றேன். முதலில் எழுதியது அந்தக் கட்டம். முதல் நட்சத்திரம் அதற்குத்தான்.

இவ்வளவுதான் பதில். கோகுலுக்கு இதைச் சொல்லப்போவதில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சோதித்துப் பார்ப்பதற்கென்று மேனேஜர் ஆறு மாதத் தகவலை இரண்டு பேருக்கும் கொடுத்திருக்கிறார். பெயர், விலாசம் எல்லாம் எடுத்தாயிற்று. நம்பர், உறவு, வார்டு, தேதி மட்டும். காலி எத்தனை என்று கேட்டேன். பூஜ்யம் என்றது. அதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது? அந்தப் பூஜ்யத்தைப் பெரிய எழுத்தில் ஸ்லைடில் போட்டு முடித்துவிட்டேன். அவன் என்ன குடைகிறானோ குடையட்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஆற்றில் முழுக்குப் போடக் கூடுதுறைக்குப் போகலாம் வாங்க என்று மாடி வீட்டுக்காரி கூப்பிட்டாள். அந்தக் கூட்டத்தில் மிதிபட எனக்கு என்ன தலையெழுத்து? எலுமிச்சம்பழச் சாதம் மட்டும் கிளறினேன். அளவு தெரியாமல் நாலு பேருக்கு ஆகிறாற்போல் கிளறிவிட்டேன்.

புது நம்பரிலிருந்து ஒரு போன். ஒன்றை பிளாக் பண்ணினால் இன்னொன்று முளைக்கிறது.

"அங்கமுத்துவோட அக்காங்களா? கால்ல கட்டுப் போட்டு ஆறு நாளாச்சுங்க. உங்க தம்பி கேட்டுக்கிட்டே இருக்காரு, எங்கக்கா எப்ப வருவாங்கன்னு."

"எனக்குத் தம்பியே கெடயாதும்மா."

"கோவிச்சுக்காதீங்க. குடும்பத்துல ஆயிரம் இருக்கும். ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போனீங்கன்னா அவருக்கு ஒரு தெம்பா இருக்கும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நன்றாகக் கொடுத்தேன். அந்தப் பெண் சாரி சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு யோசித்தேன், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டிருக்கலாம். கேட்டு என் ஃபாரத்தை அங்கேயும் போடச் சொல்லியிருக்கலாம்.

மிஞ்சிய சாதத்தை மாட்டுக்காரர் எடுத்துப் போனார்.

ஆகஸ்ட் 9, சனி

நாளைக்கு. நெட் போகாமல் இருக்க மாடி வீட்டு வைஃபையையும் சொல்லி வைத்திருக்கிறேன். நீலப் புடவை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும். எழுதாமல் விட்டால் கட்டம் காலியாகிவிடும், எனக்கு அது ஆகாது.

முதலில் நான். ஃபாரத்தைக் காட்டினேன், சித்திரையில் போட்ட பூட்டைக் காட்டினேன். ஒன்பதாக அடித்துக் காட்டினேன், 'சரியான எண்ணை இடவும்' என்று சிவப்பில் வந்தது. கடைசியில் அந்தப் பூஜ்யம். "ஆறு மாசத்துல ஒரு கட்டம் காலி இல்லீங்க. இதுக்கு மேல நான் பேச வேண்டியது இல்ல" என்றேன். ஆறுச்சாமி தலையாட்டியது தெரிந்தது. யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது, சென்னியப்பன் ஐயா "மியூட்டு, மியூட்டு" என்றார்.

அடுத்து கோகுல்.

"அக்கா வேலைல சுத்தமுங்க. அதுல மாத்துக் கருத்தே கெடயாது. காலி எத்தனன்னு அக்கா கேட்டாங்க, பூஜ்யம்னு வந்துச்சு. நான் வேற கேள்வி கேட்டேனுங்க. ஒரே நம்பர் எத்தன தடவ வருதுன்னு."

ஸ்க்ரீனில் ஒரு பட்டியல் வந்தது. நம்பர்களின் முன்பாதியை மறைத்து, கடைசி நாலு எண்ணை மட்டும் விட்டிருந்தான். ஒரு வரியைப் பெரிதாக்கினான்.

"சித்திரைக்கு முன்னால வெறும் ஒன்பதா இருக்குதுங்க, இந்த நம்பர் ஒரு தடவகூட இல்லீங்க. சித்திரைல இருந்து ஜூலை வரைக்கும் அறுவதுக்கு மேல. வேற வேற வார்டு, வேற வேற ஆளு. ஆனா உறவு பாருங்க, எல்லாத்துக்கும் அக்கா. அறுவது பேத்துக்கும் ஒரே அக்கா."

கூட்டத்தில் சிரிப்பு. நானும் சிரித்தேன். மேகலாவை நாளைக்குப் போய் நாலு வாங்கு வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சிரித்தேன். அப்புறம்தான் அந்த நாலு எண்ணைப் பார்த்தேன். 4417.

மானிட்டரில் நான் ஒட்டிய ஸ்டிக்கர். 'சுலோச்சனாக்கா.' ஒன்பதாக அடிக்கிற வழியையும் வரிசையாக அடிக்கிற வழியையும் நானே அடைத்துவிட்டேன். அடிபட்ட ஆள் முன்னால் கிடக்கிறார், யாருமில்லை என்கிறார், ஃபாரம் நகரமாட்டேன் என்கிறது. அந்த அறையில் கண்ணுக்கு நேராக எழுதி வைத்திருந்த உயிருள்ள நம்பர் அது ஒன்றுதான்.

"போலி நம்பருங்களா?" என்று கரூர்க்காரர் கேட்டார்.

"போலி இல்லீங்க. யாரு நம்பருன்னு எனக்குத் தெரியும், குழுவுலயே இருக்குது. ஆனா பேரச் சொல்ல மனசு வரலீங்க" என்றான் கோகுல்.

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது அவனுக்குக் கைவந்த கலை. சொல்லாமல் விட்டால் பெரிய மனுஷன், சொன்னால் கெட்டிக்காரன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால், அவன் போட்ட பிச்சையில் என் மானம் நிற்கும். அதற்கு நான் ஆள் இல்லை.

"எதுக்குத் தம்பி மென்னு முழுங்கறீங்க? நானே சொல்றேன். அது என் நம்பர்."

முப்பது கட்டத்தில் முப்பது முகம், எல்லாம் கீழே எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டன. சென்னியப்பன் ஐயா மட்டும் "கேக்குதுங்களா" என்றார்.

"கேக்குதுங்க" என்றேன். "அந்த அறுவது பேத்துல கொஞ்சப் பேருக்காக எனக்குப் போன் வந்துச்சு. ராங் நம்பர்னு திட்டி வெச்சேன். இன்னொண்ணையும் கேட்டுக்குங்க. நட்சத்திரத்த எடுத்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்னு நெனைக்காதீங்க. கட்டம் காலியா இருந்தா என்ன ஆகும்னும் எனக்குத் தெரியும்."

நெட் போய்விட்டது என்று நினைக்கட்டும் என்று நானே வெளியே வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஆறுச்சாமியின் செய்தி: 'மன்னிக்கவும் அம்மா. புது ஃபாரத்துக்கே மாறிக்கொள்ளலாம் என்று இருக்கிறோம்.' பதில் போடவில்லை.

பிளாக் பண்ணிய நம்பரை எடுத்துவிட்டுக் கூப்பிட்டேன். அதே நர்ஸ். லாரி கிளீனரைப் பற்றிக் கேட்டேன்.

"அவருங்களா? மூணு நாள் வெச்சிருந்தோம். யாரும் வரலீங்க. போலீஸ்ல சொல்லி எடுத்துட்டுப் போயிட்டாங்க. பேருகூடத் தெரியலீங்க. நீங்க யாருங்க?"

நான் யார் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேகலா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று அழ ஆரம்பித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. "உக்காரு. உன்னத் திட்ட வரல. அங்கமுத்து எந்த வார்டு?" என்றேன்.

எலும்பு வார்டில் கடைசிக் கட்டில். நாற்பது வயது இருக்கலாம், விசைத்தறி ஓட்டுகிறவர், காலில் கம்பி போட்டுத் தூக்கிக் கட்டியிருக்கிறது. நர்ஸ், "அங்கமுத்து, உங்கக்கா வந்துட்டாங்க பாருங்க" என்று சந்தோஷமாகக் கத்தினாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்கு அக்காவே கெடயாதுங்க. சேக்கும்போதே சொன்னேன், எனக்கு யாரும் இல்லைன்னு. இந்தம்மா வந்து, உங்கக்கா நம்பர் எழுதியிருக்குது, வருவாங்க வருவாங்கன்னாங்க. நானும் எந்த அக்கான்னு ரோசன பண்ணிக்கிட்டே கெடந்தேன். பெரியப்பன் மக ஒருத்தி இருந்தா, அவளா இருக்குமோன்னு. அவ செத்துப் பத்து வருசமாச்சு."

"அப்பறம் எதுக்கு எப்ப வருவாங்கன்னு கேட்டுட்டே இருந்தீங்க?"

"வருவாங்கன்னு சொன்னாங்களேங்க" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. கொண்டுபோன இட்லியைக் கொடுத்தேன். சட்னியில் உப்புக் கூட என்றார். வக்கணைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. வாசலுக்கு எதிர்க் கட்டில் இல்லை அது, தூண் மறைக்கிறது. வரும்போது நர்ஸிடம், வாசல் தெரிகிறாற்போல் கட்டிலை மாற்றிப் போடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கோகுலின் புது ஃபாரத்தை மேனேஜர் காட்டினார். பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கிறது. தகவல் சொல்ல வேண்டியவர் கட்டத்துக்கு நட்சத்திரம் கிடையாது. பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி: 'யாரும் இல்லை'. அதை ஒரு சொடுக்குச் சொடுக்கினால் போதும், கட்டம் மங்கிவிடும், ஃபாரம் அடுத்த பக்கம் ஓடிவிடும். அவ்வளவு சுலபம்.

வெளியே வந்து அவனுக்குப் போன் போட்டேன்.

"சொல்லுங்கக்கா."

"யாரும் இல்லைன்னு சொடுக்குனதுக்கு அப்பறம் என்ன தம்பி ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுங்க. அடுத்த பக்கம் போயிரும்."

"ஆளு?"

அந்தப் பக்கம் கீபோர்டில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஃபாரம் போயிரும், ஆளு எங்க போவாரு? யாரும் இல்லைன்னு சொடுக்குனா வார்டுக்கு ஒரு நம்பர் போகோணும். என் நம்பரப் போடுங்க."

"அக்கா, அதெல்லாம் ஆஸ்பத்திரி முடிவு பண்றதுங்க."

"ஆறுச்சாமிகிட்ட இப்பத்தான் சண்ட போட்டுட்டு வர்றேன். ஒத்துக்கிட்டாரு."

"உங்களுக்கு எதுக்குங்கக்கா இந்த வேல? வயசான காலத்துல..."

"உங்க ஃபாரத்த மட்டும் பாருங்க தம்பி."

ஒரு பெருமூச்சு கேட்டது. "கட்டாயம் போடோணுங்களா?"

"கட்டாயம். செவப்பு நட்சத்திரம் போட்டு."

"சரிங்கக்கா" என்றான். இந்தத் தடவை சிரிக்கவில்லை. சிரிக்காவிட்டாலும் எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

புது ஃபாரம் ஓட ஆரம்பித்து ஒரு வாரம். போன் வரவில்லை. அந்தப் பயல் போடாமல் ஏமாற்றிவிட்டானோ என்று சந்தேகம். அடுத்த கூட்டத்தில் கிழித்துத் தோரணம் கட்டுகிறேன்.

அங்கமுத்துவை அனுப்பிவிட்டார்கள். தறிப் பட்டறை வரைக்கும் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டேன். சண்டைக்காரர். வழி நெடுக ஆட்டோ டிரைவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டே வந்தார்.

மேகலா மானிட்டரிலிருந்து ஸ்டிக்கரை உரித்துவிட்டாளாம். நகத்தால் சுரண்டியும் ஒரு மூலை வரவில்லையாம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலையில் போன். தோசை கல்லில் இருந்தது.

"ஆஸ்பத்திரில இருந்து பேசறமுங்க. வேலைக்கு வந்த ஒரு வடநாட்டுப் பையன், பாஷை புரியல. நம்பர் உங்களது வருது, உறவு என்னன்னு வரல. நீங்க அவருக்கு என்ன வேணுமுங்க?"

அக்கா என்று போட்டுக்கொள்ளச் சொன்னேன். கோகுல் உறவுக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறான், அரைகுறை. அவனை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன். மழை வரும்போல் இருக்கிறது, குடையைக் காணோம். கிளம்புகிறேன்.